வடக்குக் குறிக்குக் கீழே இரண்டு கீறு

தந்தி வந்தபோது சங்கக்கடையில் நின்றவர்கள்: மனேச்சர், அரிசி நிறுப்பவர், இரண்டாம் வாய்க்கால் பொன்னம்மா, அவள் இடுப்பில் இருந்த கைக்குழந்தை, வாய்க்கால் வேலையையும் தண்ணீர் முறையையும் பார்க்கும் ஓவசியர் ஐயா, தந்தியைக் கொண்டுவந்த தபாற்காரர், என் மகள் சரசு, நான். குழந்தையையும் சேர்த்தால் எட்டுப் பேர். இதை இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த எட்டுப் பேரில் அடுத்த நாள் அடக்கத்துக்குப் போனவர்கள் சரசுவும் நானும் மட்டும்.

தந்தி என் பெயருக்கு வந்திருந்தது. இங்கிலீசில் இருந்தது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிறகு பூசைப் புத்தகத்தையும் சாமான் சுற்றி வரும் பத்திரிகைத் துண்டுகளையும் வைத்துத் தமிழ் வாசிக்க நானாகப் பழகிக்கொண்டேன். இங்கிலீசு அப்படிப் பிடிபடவில்லை. சரசு கையை நீட்டுவதற்கு முன் ஓவசியர் ஐயா அதை வாங்கிப் பார்த்தார்.

“உங்கட திரேசம்மா முடிஞ்சு போச்சாம். நாளைக்கு நாலு மணிக்கு அடக்கம்,” என்றார். தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் தந்தார். “பாவம். எழுத்து வடிவான மனுசி.” பிறகு நிறுப்பவர் பக்கம் திரும்பி, “சீனி ரெண்டு றாத்தல் போடும்,” என்றார்.

எட்டு வருஷம் அவருடைய கந்தோரில் வேலை செய்த ஒருத்திக்கு அவர் கொடுத்த சாட்சிப் பத்திரம் அவ்வளவுதான். எழுத்து வடிவு.

எங்கள் மாதர் சங்கத் தலைவி, முப்பத்தோராம் நாளுக்கு வாசிக்க “அரைப் பக்கம் நல்லதா எழுதித் தாங்கோ” என்று என்னிடம் கேட்டார். தலைவி ஓவசியர் ஐயாவின் மனைவி மனோன்மணி அக்கா என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அரைப் பக்கத்தில் அடங்கவில்லை. நல்லதாக மட்டும் எழுதவும் வரவில்லை. பிள்ளையாரை நினைத்து உண்மையை எழுதுகிறேன். திரேசம்மாவை அறிந்தவர்கள் பொறுத்துக் கேளுங்கள்.

அவர் முல்லைத்தீவுக் கரையோரத்துப் பிள்ளை. தகப்பன் கரைவலை இழுத்தவர். கன்னியாஸ்திரிகளிடம் படித்து, கணக்கில் கெட்டித்தனம் கண்ட ஒரு சிஸ்டரின் சொல்லைக் கேட்டு, கொழும்பிலிருந்து தபால் மூலம் படவரைதல் படித்தவர். பயிற்சித் தாள்களைச் சுருட்டி மூங்கிற் குழலுக்குள் வைத்து அனுப்புவாராம். சிவப்பு மையில் திருத்தி அதே குழலுக்குள் திரும்பி வருமாம். “ஒருக்காக் குழல் நனைஞ்சு வந்துது அக்கா. சிவப்பு மை ஊறி எல்லாமே பிழை மாதிரிக் கிடந்துது. நான் ரெண்டு நாள் அழுதனான். பிறகு பார்த்தால் முழுக்கச் சரி!” என்று சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் குடியேற்றத்துக் கந்தோரில் நாட்சம்பளத்துக்கு ஒரு படப் பிரதியாளர் தேவைப்பட்டபோது தமையனோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது, எனக்கு முப்பத்தாறு. தனியாக வந்த பெண்ணுக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டோடு சாய்த்து இறக்கியிருந்த பத்தியை அடைத்து ஓர் அறையாக்கிக் கொடுத்தார். நான் அதை விரும்பவில்லை. வேதக்காரி, கரைப்பக்கத்தவள். இது வெள்ளி விரதம் பிடிக்கும் வீடு என்று முணுமுணுத்தேன்.

அவர் குடிக்கவென்று தனியாக ஒரு தகரப் பேணி வைத்தேன். குசினிக்கு வெளியே ஆணியில் தொங்கும். அவர் அதைக் குறையாகச் சொன்னதில்லை. ஒரு நாள் வயலால் வந்த என் வீட்டுக்காரர் அவசரத்தில் அந்தப் பேணியை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டார். நான் “ஐயோ!” என்று கத்திவிட்டேன். பத்தியிலிருந்து திரேசம்மாவின் குரல் வந்தது: “பயப்பிடாதேங்கோ அக்கா. அண்ணைக்கு இண்டையிலயிருந்து மீன்குழம்பு கொஞ்சம் கூட ருசிக்கும், அவ்வளவுதான்.” வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பேணியைக் கழுவி அதே ஆணியில் கொழுவினேன். அவர் இருந்த ஒன்பது வருஷமும் அது அங்கேயே தொங்கியது. புண்ணியம் தேடித் தவறாமல் கோயிலுக்குப் போன நான் அந்த ஆணியை ஒரு நாளாவது பிடுங்கவில்லை.

அவரிடம் நான் படிக்கத் தொடங்கியது என் கொப்பியால். வாய்க்காலில் எங்கள் முறைக்குத் தண்ணீர் எந்த நாள் வந்தது, மதகடிக் கல்லில் எத்தனை விரற்கடை ஏறியது, எப்போது வடிந்தது என்று நான் அதில் குறித்து வைப்பேன். முறைச் சண்டை வந்தால் காட்டலாம் என்று தொடங்கிய பழக்கம். ஒரு பின்னேரம் அதை எடுத்துப் புரட்டியவர் எழும்பவேயில்லை. கஞ்சி ஆறிப் போனது.

“அக்கா, இதை ஆர் உங்களுக்குப் பழக்கினது?”

“ஆரும் இல்லை. சும்மா எழுதுறனான்.”

“சும்மாவோ? லெவல் பார்க்கிற ஆக்கள் மூண்டு பேர் வந்து செய்யிற வேலை இது. எங்கட கந்தோர்ப் புத்தகத்திலை இவ்வளவு ஒழுங்கு இல்லை.”

என் வாழ்நாளில் என் எழுத்தைப் பார்த்து ஒருவர் இப்படிச் சொன்னது அன்றுதான். என்னைவிட எட்டு வயது இளையவர், என்னிடம் தனிப் பேணியில் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கிறவர், என்னை ஒரு வேலைக்காரியாக அல்ல, வேலை தெரிந்தவளாகப் பார்த்தார்.

கந்தோரில் அவருக்கு விதித்த வேலை, பென்சிலில் கீறிய படத்தின் மேல் படச்சீலையை விரித்து மையால் பிரதி எடுப்பது மட்டும். படச்சீலை என்பது பசை ஏற்றிய மெல்லிய வெள்ளைச் சீலை. கண்ணாடி மாதிரி ஊடே தெரியும். அதிலிருந்துதான் நீலப் படங்கள் அடிப்பார்கள். ஆனால் பென்சில் படத்தைக் கீற வேண்டிய ஓவசியர் ஐயாவுக்கு அது சரிவராது. நிலத்தின் மேடு பள்ளம் அளந்து எழுதிய லெவல் புத்தகத்தைத் திரேசம்மாவின் மேசையில் போட்டுவிட்டுச் சைக்கிளில் போய்விடுவார். இவர் தாமே கணக்குப் பார்த்து, தாமே கீறி, தாமே பிரதி எடுப்பார். கீழே “வரைந்தவர்” என்ற கட்டத்துக்குள் ஓவசியர் ஐயா கையெழுத்து வைப்பார்.

ஐந்தாம் வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். லெவல் புத்தகத்தில் இருந்தபடி கீறினால் வாய்க்கால் முடியும் வால்பக்கத்தில் தண்ணீர் மேட்டில் ஏற வேண்டும். பெண்ணை வெளியில் அளக்க விடமாட்டார்கள். அதனால் அவர் வேறு வழி பிடித்தார். களை பிடுங்கப் போகும் பெண்கள் எங்கள் முற்றத்தால் போவார்கள். அவர்களை மறித்து, “மழை பெய்தால் முதல் எந்த வரம்படியிலை கால் புதையுது? எங்க கடைசியாக் காயுது?” என்று கேட்பார். பொன்னம்மா ஒரு தடியால் நிலத்தில் கீறிக் காட்டினாள். என் கொப்பியையும் வைத்துப் பார்த்தார். மூன்று நாளில், புத்தகத்தில் ஓர் இலக்கம் பிழை என்று கண்டுபிடித்தார். வாய்க்கால் திருத்திக் கீறப்பட்டது. இன்றைக்கு ஐந்தாம் வாய்க்காலில் நெல் விளைகிறதென்றால் அதற்குக் காரணம் சேற்றில் கால் புதைந்த பெண்களும் அவர்களிடம் கேட்கத் தெரிந்த ஒருத்தியும்.

அந்தப் படத்தைப் பார்த்துப் பட்டினத்திலிருந்து பெரிய எஞ்சினியர் வந்து பாராட்டினார். ஓவசியர் ஐயா வீட்டில் விருந்து. சமைக்க என்னைக் கூப்பிட்டார்கள். கோழி உரிக்கத் திரேசம்மாவையும் கூப்பிட்டார்கள். படத்தைக் கீறிய கையால் இறகு பிடுங்கினார். சோறு கொண்டுபோனபோது, “இந்தப் பிள்ளை யார்?” என்று எஞ்சினியர் கேட்டார்.

“கந்தோரிலை பிரதி எடுக்கிற பிள்ளை. இவைக்கு என்னத்துக்கு ஐயா உந்த வேலை? நாளைக்குக் கலியாணம் முடிச்சால் குசினியையே படம் கீறப்போகினம்?” என்று ஓவசியர் ஐயா பகிடி விட்டார்.

திரேசம்மா சட்டியைக் கீழே வைத்தார். “ஓம் ஐயா. முதல் உங்கட குசினியைத்தான் கீறவேணும். புகை போக வழியில்லை. மனோன்மணி அக்கா காலமை துவக்கம் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிக்கிறா.”

எஞ்சினியர் பெரிதாகச் சிரித்தார். உள்ளே நின்ற மனோன்மணி அக்காவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஓவசியர் ஐயா சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததை நான் அன்றைக்கே குறித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பின்னேரங்களில் எங்கள் பத்தியில் நாலு பெண் பிள்ளைகள் படம் கீறப் பழகினார்கள். நானும் குசினி வேலை முடித்து ஓரத்தில் இருப்பேன். அவர் கேட்ட கூலி ஒன்றுமில்லை. விளக்குச் சிமினியைத் துடைத்து வைக்க வேண்டும், சிரிக்க வேண்டும், பொய் இலக்கம் எழுதக்கூடாது. “முதல் வடக்கைப் போடு. வடக்குத் தெரியாட்டில் எவ்வளவு வடிவான படமும் அடுப்புக்குத்தான்,” என்பார். மை வழிந்தால் பிள்ளைகள் பதறுவார்கள். “பிழையைச் சவர அலகாலை சுரண்டலாம். பதட்டத்தைச் சுரண்ட ஏலாது. கையை எடு, மூச்சு விடு,” என்பார்.

மை பிடிக்க வேண்டுமானால் சீலையில் முதலில் சுண்ணத்தூள் தேய்க்க வேண்டும். ஒரு முறை தூள் முடிந்துவிட்டது. பட்டினத்திலிருந்து வர ஒரு கிழமை செல்லும். நான் சாமியறைக்குப் போய்த் திருநீற்றுக் குடுவையைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

“உங்கட சாமி கோவிக்காதோ அக்கா?”

“தூசு இல்லாமல் அரிச்ச நீறு. தேயுங்கோ.”

தேய்த்தார். மை வழுவழுவென்று ஓடியது. “இண்டைக்குத்தான் எனக்கு உங்கட கோயிலுக்குள்ள இடம் கிடைச்சிருக்கு,” என்றார். பகிடியாகத்தான் சொன்னார்.

அந்த நாலு பேரில் ஒருத்தியை, கண் கெடும் என்று தாய் மறித்தாள். ஒருத்தி மல்லாவிக்குக் கலியாணம் கட்டிப் போனாள். ஒருத்தியை, வேதக்காரியோடு இருந்தால் மனம் மாறும் என்று தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போனார். மிஞ்சியது என் மகள் சரசு மட்டும்.

அவளுக்குத்தான் அந்த இரண்டு கீறையும் திரேசம்மா காட்டினார். தாம் கீறிய ஒவ்வொரு படத்திலும் வடக்கைக் காட்டும் அம்புக்குறியின் காலடியில் சின்னதாக இரண்டு வளைந்த கீறு இடுவார், கடலில் அலை கீறுவது போல. “இது என்ன மாமி?” என்று சரசு கேட்டாள். “நான் கட்டத்துக்குள்ள பேர் எழுத ஏலாது. கடலடியிலை பிறந்தவள் ஒருத்தி இஞ்ச இருந்தவள் எண்டு வடக்குக்காவது தெரியட்டும்,” என்றார். ஓவசியர் ஐயா அதை ஒரு அலங்காரம் என்று நினைத்திருப்பார். அவர் படங்களை அவ்வளவு உற்றுப் பார்ப்பவர் அல்ல.

இனி நான் எழுதப் போவது என் பாவம்.

கந்தோருக்கு நிரந்தரப் படவரைஞர் பதவி ஒன்று வந்தது. விண்ணப்பிக்கிறவர்கள் தாங்கள் கீறிய அசல் படச்சீலைகளைச் சமர்ப்பிக்க வேண்டும். திரேசம்மா தமது இருபத்தாறு படங்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் தமது முழுப் பெயரை எழுதி, கட்டி, ஓவசியர் ஐயாவிடம் கொடுத்தார். “நான் அனுப்பிவிடுறன், நீர் பெருநாளுக்கு ஊருக்குப் போட்டு வாரும்,” என்றார் அவர். திரேசம்மா ஈஸ்டருக்கு முல்லைத்தீவுக்குப் போனார். சரசு நெடுங்கேணியில் என் தங்கை வீட்டில் நின்றாள்.

எங்கள் பிள்ளையார் கோயில் அலங்காரத் திருவிழாவுக்கு மூன்று நாள் இருந்தது. மூலஸ்தானத்துத் திரைச்சீலை கிழிந்து போயிருந்தது. மனோன்மணி அக்கா ஒரு பொட்டலத்தோடு வந்தார். கழிவுப் படச்சீலையைத் தோய்த்துக் குழந்தைச் சட்டை தைப்பது இங்கே எங்கள் எல்லாருக்கும் பழக்கம். வெந்நீரில் ஊறவிட்டுத் தேய்த்தால் பசையோடு மையும் கழன்று போகும். அப்படி ஒரு மெல்லிய வெள்ளைச் சீலை கடையில் கிடையாது.

“கந்தோர்க் கழிவு. நீர்தான் வடிவாத் தோய்ப்பீர். சாமிக்கு,” என்றார்.

அவிழ்த்தேன். முதற் சீலையிலேயே வடக்குக் குறியின் கீழ் இரண்டு கீறு. ஓரத்தில் பென்சில் எழுத்து. என் கை நின்றது.

“இது திரேசம்மாவின்ரை எல்லே, மனோன்மணி அக்கா?”

“எல்லாத்துக்கும் நீலப் பிரதி எடுத்தாச்சாம். அவர்தான் தந்தவர். நேரம் போகுது.”

ஓவசியர் வீட்டிலிருந்து என்னைத் தேடி வந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. சாமிக்கென்று வந்த சீலையை மறுக்கக்கூடாது என்று நெஞ்சு சொன்னது. அவர் வரும்வரை இரண்டு நாள் பொறுக்கலாம் என்றும் அதே நெஞ்சு சொன்னது. முதலாவதைக் கேட்டேன். மனோன்மணி அக்காவுக்கு அது என்ன என்று தெரிந்திருக்குமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரிந்தது. வாசிக்கத் தெரிந்த என் கண்ணால் அவருடைய பெயரை வாசித்துவிட்டுத்தான் வெந்நீருக்குள் அமிழ்த்தினேன். கிடாரத்துத் தண்ணீர் கறுத்தது. வாழையடியில் ஊற்றினேன்.

அடுத்த நாள் மத்தியானம் திரேசம்மா வந்துவிட்டார். சொன்ன நாளுக்கு ஒரு நாள் முந்தி. படலையில் நின்று, சீலைகள் காயும் கொடியைப் பார்த்தார். எண்ணினார். உதடு அசைந்ததை நான் கண்டேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்ட வந்து ஒரு சீலையின் ஓரத்தைப் பிடித்து வெயிலுக்குப் பார்த்தார்.

“இருபத்தாறு,” என்றார்.

நான் முந்தானையில் கையைத் துடைத்தேன்.

“வடிவாத் தோய்ச்சிருக்கிறியள் அக்கா,” என்றார்.

பிறகு மறு நுனியை என்னிடம் தந்தார். இருவருமாக இருபத்தாறையும் மடித்தோம். அவர் என்னை ஏசியிருந்தால் எனக்கு இன்று கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். கடைசிவரை ஏசவில்லை.

அசல் இல்லாத விண்ணப்பம் தள்ளப்பட்டது. பதவி ஓவசியர் ஐயாவின் தமக்கை மகனுக்குப் போனது. திரேசம்மாவுக்கு நாட்சம்பள வேலையும் நின்றது. அதற்குப் பிறகும் ஒரு வருஷம் எங்கள் பத்தியில் இருந்து, சட்டை தைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, சரசுவுக்குப் படிப்பித்தார். “எனக்குப் பூட்டின கதவை இவளுக்கும் பூட்டினதெண்டு நினைக்கப்படாது,” என்பார். பிறகு ஈரல் வருத்தம் வந்தது. தமையன் அந்தோனி வந்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். முப்பத்தேழு வயதில் முடிந்தது.

அடக்கத்தில் அவருடைய சனத்தோடு சரசுவும் நானும் நின்றோம். கந்தோரிலிருந்து ஒருவரும் இல்லை. அந்தோனி என்னிடம் ஒரு மூங்கிற் குழலைத் தந்தார். “தங்கச்சி உங்களிட்டக் குடுக்கச் சொன்னவள். உங்கட பிள்ளைக்காம்,” என்றார். அதற்குள் கொழும்பிலிருந்து திருத்தி வந்த பயிற்சித் தாள்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் மேலே அவருடைய பெயர் அச்செழுத்தில். படிக்கிற காலத்திலேயே வடக்குக் குறிக்குக் கீழே இரண்டு கீறு.

இப்போது ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். பட்டினத்துக் கந்தோர் ஒன்றில் படவரைதல் பயில்வதற்குப் பெண் பிள்ளைகளையும் எடுக்கிறார்கள். சரசுவுக்குப் பத்தொன்பது வயது. சோதினை பாஸ். ஆனால் வேலை தெரிந்த ஒரு படவரைஞரிடம் பழகியதற்கு அத்தாட்சி வேண்டும். பழக்கியவர் இறந்துவிட்டார். அவர் படவரைஞர் என்று சொல்ல வேண்டியவர் ஓவசியர் ஐயா. நானும் சரசுவும் தேங்காயும் வாழைப்பழமும் கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம்.

“திரேசா படம் கீறினவா எண்டு ஆர் சொன்னது? அவா பிரதி எடுத்தவா. பொய்க் கடிதத்திலை நான் கையெழுத்து வைக்கிறேல்லை,” என்றார். சத்தியம் தவறாத மனிதர்! வாழைப்பழத்தை மட்டும் வாங்கி வைத்தார்.

வெளியே வந்ததும் சரசு அழவில்லை. “அம்மா, எங்கட காணிப் படத்தை எடுங்கோ,” என்றாள். திரேசம்மா வந்த பிறகு காணிகளுக்குப் பேமிட் பத்திரம் தந்தபோது அதோடு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நீலப் படம் தந்தார்கள் அல்லவா? பெட்டகத்திலிருந்து எடுத்து விரித்தோம். வடக்குக் குறியின் கீழே, நீலத்தில் வெள்ளையாக, இரண்டு கீறு. அசலைத்தான் நான் கழுவினேன். அதிலிருந்து அடித்த படங்களை எவராலும் கழுவ முடியாது. அவை உங்கள் வீடுகளில் இருக்கின்றன.

சரசு எங்கள் காணிப் படத்தையும் கொழும்புத் தாள்களையும் கொண்டு பட்டினத்துக்குப் போனாள். அங்கிருந்த பெரியவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “ஒண்டு தற்செயலா இருக்கலாம் பிள்ளை. ஒரு பத்துப் பன்ரண்டு வீட்டுப் படம் கொண்டாரும். ஒரே கை எண்டு தெரிஞ்சால் நான் எழுதுவன்,” என்றாராம். அடுத்த மாத முடிவோடு விண்ணப்பம் முடிகிறது.

என் வீட்டுக்காரர் சொன்னார்: “இதை நீ வாசிச்சால் இனி எங்கட வாய்க்காலுக்குத் தண்ணி கடைசியாத்தான் வரும்.” ஓம், வரும். தண்ணீர் முறை யார் கையில் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். உங்களுக்கும் வயல் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் எட்டு வருஷமும் எல்லாருமாக வாய் பொத்தியிருந்தோம். நான் மட்டும் வேறு என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உங்களில் எவரும் செய்யாத ஒன்றை நான் என் இரண்டு கையாலும் செய்தேன்.

திரேசம்மாவின் ஞாபகமாக என்னிடம் இருப்பவை இவை. மூங்கிற் குழல். சரசுவிடம் அவருடைய கோட்டுப் பேனை. ஆணியிலிருந்து எடுத்து எங்கள் பேணிகளோடு ஒன்றாக நான் இப்போது அடுக்கி வைத்திருக்கும் ஒரு பேணி. அவர் குடிக்க இல்லாத காலத்தில்தான் அதற்குக் குசினிக்குள் இடம் கிடைத்திருக்கிறது. வடக்கை முதற் போடு என்ற சொல். அதோடு கோயிலில் தொங்கும் திரைச்சீலை. வெள்ளிக்கிழமைகளில் பூசைக்கு அது விலகும்போது மற்றவர்கள் பிள்ளையாரைப் பார்க்கிறார்கள். நான் சீலையைப் பார்க்கிறேன். கிட்டப் போயும் பார்த்துவிட்டேன். ஒரு கோடும் இல்லை. அவ்வளவு நன்றாகத் தோய்த்திருக்கிறேன்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பெட்டகத்தைத் திறந்து காணிப் படத்தை எடுத்துப் பாருங்கள். அம்புக்குறியின் கீழே இரண்டு கீறு இருந்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். படத்தை நானே வந்து வாங்கி, பழுதில்லாமல் நானே திருப்பிக் கொண்டுவந்து தருவேன். தர விருப்பமில்லாதவர்கள் அதையும் சொல்லுங்கள், வீணாகக் காத்திருக்க மாட்டேன். வருகிற வெள்ளிக்கிழமைக்கு முன் பதில் வேண்டும்.